எலுமிச்சம்பழத்தில் இரத்தம்

(நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் பேசியது)



இவ்வூரில் ஒரு மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்தவுடன் இரத்தம் ஒழுகியதாகவும், அதனால் செய்வினை ருசுவாகிவிட்டதாகவும், வைத்தவள் பங்காளி வீட்டு விதவைதான் என்று அவன் சொன்னதாகவும் வருகிற வழியில் கேள்விப்பட்டேன்.

மேஜைமேல் இருக்கும் இந்தக் கத்தியைப் பாருங்கள். செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்திருக்கிறேன். பழத்தை அறுக்கிறேன். இரத்தம் வருகிறதா, இல்லையா? மந்திரம் சொல்லவில்லை, தட்சணையும் வேண்டாம். அந்தப் பூவின் சாயம் புளிப்புப் பட்டால் சிவக்கும். அவ்வளவுதான் சங்கதி.

மஞ்சள் விளைகிற சீமையில் இருந்துகொண்டு நாம் இதற்குப் பயப்படலாமா? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் வீட்டுப் பெண்கள் யாவருக்கும் தெரியும். ஆலத்தட்டில் சிவந்தால் மங்களம், மந்திரவாதி கையில் சிவந்தால் செய்வினையா?

போலீசாரும் இவ்வித்தையைத்தான் கையாளுகிறார்கள். 1871-ல் ஜெர்மனியில் பேயர் என்ற ரசாயனி பினாப்தலின் என்ற வெள்ளைத் தூளைச் செய்தார். 1964-ல் ஏற்பட்ட நம் லஞ்ச ஒழிப்புத் துறையார் அதை நோட்டில் தடவிக் கொடுத்தனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. வாங்கின விரலைச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் முக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். மஞ்சளுக்குச் சுண்ணாம்பு எப்படியோ அப்படியே இதற்குச் சோடா. திருநீறு பூசிய விரலென்று அது தயவு காட்டுவதில்லை! அத்தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். இவ்வகைச் சோதனைகளுக்கென்று சென்னையில் 1849-லேயே அரசாங்க ரசாயன பரிசோதனைச் சாலை ஏற்பட்டது.

ஆனால் தோழர்களே, தண்ணீர் சிவந்ததாலேயே கோர்ட்டு தண்டித்துவிடுகிறதா? இல்லை. தூள் பட்ட கை என்பதற்குமேல் அந்த நிறம் ஒன்றும் சொல்லாது. கை குலுக்கியும் ஒட்டும். பையில் யாராவது திணித்தாலும் தள்ளிவிடும்போது ஒட்டும். லஞ்சம் கேட்டதும், அதை ஏற்றதும் ருசுவாக வேண்டுமென்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து ஜட்ஜுகள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். லஞ்ச வழக்கில் சிக்கினவனுக்கு வக்கீல் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, அப்பீல் உண்டு. ஒரு பழத்தை அறுத்ததால் குற்றவாளியாகிவிட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன உண்டு? குழந்தைகளைக்கூட அவள் வாசல் பக்கம் விடுவதில்லையாமே! பூச்சாயத்துக்கா இந்தத் தண்டனை?

அந்த ஆசாமி வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறானாம். வரட்டும். மரியாதையாகவே உட்காரவையுங்கள். பழம் மட்டும் உங்கள் மரத்தில் பறித்ததாக இருக்கட்டும்; கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி நீங்களே கொடுங்கள். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.