போகிற நேரத்துக் கையெழுத்தும் கஜானா சாவியும்

(உப்பலில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது இளந்தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். "அண்ணே, 2018ல் கொழும்பில் நம் தமிழ் எம்.பி.க்கள் சேர்ந்து ரணிலுடைய நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்தார்களே, அதனால் தமிழனுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டார். கேள்வியில் சூடு இருந்தது, நியாயமும் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. அதனால்தான் இந்த மாதம் இதையே பேச்சாக எடுத்துக்கொள்வது என்று செயற்குழுவில் முடிவு செய்தோம்.

ஊர் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நாங்கள் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். ரிட்டயர் ஆகப் போகிற ஆபீசரின் கடைசி மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேட்டால் தெரியும். அதுவரை பைலைத் தொடாதவர் திடீரென்று தினமும் பத்துக் கையெழுத்துப் போடுவார். வேண்டியவனுக்கு மாற்றல், வேண்டாதவனுக்கு மெமோ, அறைக்குப் புது மேஜை நாற்காலி. இப்படி ஒருவரை நாங்களே பார்த்தோம். ஆபீஸ் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். அவரை யார் தடுத்தார்கள்? மேலதிகாரி இல்லை, யூனியனும் இல்லை. உண்மையைச் சொன்னால் நாங்கள் அன்று சும்மாதான் இருந்தோம். தடுத்தது அக்கவுண்ட்ஸ் பகுதி. "இந்தச் செலவுக்கு ஒதுக்கீடு கிடையாது" என்று ஒரு வரி எழுதி பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. பணம் மட்டும் வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போவோம்.

மைத்திரிபால சிறிசேன 2015 ஜனவரி 8ந் தேதித் தேர்தலில் ஜனாதிபதியானார். மகிந்த ராஜபக்சவைத் தோற்கடித்த அந்த வாக்குகளில் வடக்கு கிழக்குத் தமிழர் வாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைப்பேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. அந்த ஆண்டே 19வது திருத்தம் வந்தது. ஜனாதிபதி பதவிக்காலம் 6 ஆண்டிலிருந்து 5 ஆண்டாயிற்று. நாடாளுமன்றம் கூடி நாலரை ஆண்டு முடியும் முன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கேட்டாலொழிய, அதைக் கலைக்கக்கூடாது என்றும் எழுதப்பட்டது. அதுவரை நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.

மூன்று ஆண்டு கழிந்தது. 2018 ஜனவரியில் அதே மனிதர் உச்ச நீதிமன்றத்திடம், "நான் 6 ஆண்டு இருக்கலாமா?" என்று கேட்டார். 5 ஆண்டுதான் என்றது கோர்ட். தானே கொண்டுவந்த திருத்தத்தில் தனக்கு ஓர் ஆண்டு மிச்சம் பிடிக்க முடியுமா என்று பார்த்த மனிதரைப் பற்றி நாம் வேறென்ன சொல்வது! அடுத்த மாதம், பிப்ரவரி 10ல், உள்ளாட்சித் தேர்தல். மகிந்த தரப்பின் புதுக்கட்சி அள்ளிக்கொண்டு போயிற்று. ஜனாதிபதியின் கட்சி பின்னுக்குத் தள்ளப்பட்டது. பதவியும் முடியப் போகிறது, கட்சியும் கையை விட்டுப் போகிறது. பிரதமர் ரணிலோடு ஒத்துப்போகவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் அக்டோபர் 26ந் தேதி ராத்திரியைக் கொண்டுவந்தன.

அன்றிரவு ரணிலை நீக்கிவிட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். யாரைத் தோற்கடிக்க ஓட்டுக் கேட்டாரோ அவரையே! மறுநாள் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். பெரும்பான்மையைத் தேடப் பதினைந்து நாளுக்கு மேல் அவகாசம். பதவி கொடுத்து ஆள் சேர்க்கும் வேலை நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் மட்டக்களப்பு உறுப்பினர் வியாழேந்திரன் அந்தப் பக்கம் போய்த் துணை அமைச்சரானார். 225 பேர் கொண்ட சபையில் 113 வேண்டும். அது சேரவில்லை. நவம்பர் 9ந் தேதி இரவு நாடாளுமன்றத்தையே கலைத்து, ஜனவரி 5ந் தேதி தேர்தல் என்று அறிவித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் பத்திரிகைகள் எல்லாம் 'யார் பிரதமர்' என்ற சண்டையைத்தான் எழுதின. சபைக்குள் மிளகாய்ப் பொடி வீசினார்கள், நாற்காலி பறந்தது என்று படம் போட்டார்கள். பணத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மகிந்த பிரதமர் பதவியோடு நிதி அமைச்சையும் எடுத்துக்கொண்டார். வந்த வேகத்தில் பெட்ரோல், டீசல் விலையையும் சில வரிகளையும் குறைத்தார்கள். ஜனங்களுக்கு இனிக்கத்தானே செய்யும். ஆனால் 2019க்கான பட்ஜெட் நவம்பர் 5ந் தேதி சபைக்கு வரவேண்டியது, வரவில்லை. டிசம்பர் 31ந் தேதியோடு பழைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பிறகு சபை அனுமதிக்காமல் கஜானாவிலிருந்து சம்பளமும் எடுக்க முடியாது, கடனும் கட்ட முடியாது. ஜனவரியில் 100 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன்பத்திரம் வேறு காத்திருந்தது.

அப்படியானால் சபையைக் கலைத்துவிட்டு எப்படிச் செலவு செய்வதாக எண்ணம்? அதற்கு அந்த நாட்டு அரசியலமைப்பிலேயே ஒரு சந்து இருக்கிறது. 150வது பிரிவின் 3வது உட்பிரிவு. பட்ஜெட் நிறைவேறும் முன் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டால், புதிய நாடாளுமன்றத்தைக் கூட்டும் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை, பொதுச் சேவைகளுக்குத் தேவை என்று தாம் கருதும் தொகையை ஜனாதிபதியே கஜானாவிலிருந்து எடுக்க அனுமதிக்கலாம். தேர்தல் காலத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நின்றுவிடக்கூடாது என்பதற்காக வைத்த பிரிவு, நியாயமான பிரிவுதான். ஆனால் முறைகேடாகக் கலைத்தவர் கையில் அது என்ன ஆகும்? சபையைப் பூட்டியவரிடமே கஜானா சாவியும் போய்ச் சேரும். கலைப்பு நின்றிருந்தால், ஒரு கட்சி பெரும்பான்மையில்லாமலே அரசாங்கப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேர்தலைச் சந்தித்திருக்கும். நாற்காலிச் சண்டைக்கு அடியில் இருந்த விஷயம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன வழக்குக்கு இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் ஒரு தமிழர் பெயர்தான் இருக்கிறது: சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். சம்பந்தன் அப்போது எதிர்க்கட்சித் தலைவர். ரணில் கட்சியும், ஜே.வி.பி.யும், வேறு பலரும் மனுப் போட்டார்கள். நவம்பர் 13ல் கோர்ட் இடைக்காலத் தடை போட்டது. டிசம்பர் 13ல் ஏழு நீதிபதிகள் ஒரே குரலில், கலைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் சபை செய்த வேலைதான் நமக்கு முக்கியம். நவம்பர் 14ல் கூடி மகிந்தமீது நம்பிக்கையில்லை என்றார்கள். குரல் வாக்கு, ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் நிறைவேற்றினார்கள். அதையும் ஏற்கவில்லை. வாயால் சொன்னால் கேட்காதவனுக்கு என்ன செய்வது? நவம்பர் 29ந் தேதி, பிரதமர் அலுவலகச் செயலாளர் அரசாங்கப் பணத்தைச் செலவிடும் அதிகாரத்தை நிறுத்தும் தீர்மானம் வந்தது. ஆதரவு 123, எதிர்ப்பு இல்லை. அந்தத் தரப்பு சபைக்கு வராமல் இருந்துவிட்டது. மறுநாள் அமைச்சர்கள் செலவுக்கும் அதே மாதிரி, 122 வாக்கு. 'நிதியின் மீது முழுக் கட்டுப்பாடு நாடாளுமன்றத்துக்கே' என்று சொல்லும் 148வது பிரிவுதான் அதற்கு ஆதாரம்.

செல்லாது, செல்லாது என்று கத்தினார்கள். அடுத்த நாளே பணம் நின்றுவிட்டது என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் வவுச்சரில் கையெழுத்துப் போடும் அதிகாரி எப்படி யோசிப்பான் என்பது எங்களுக்குத் தெரியும். மந்திரி இன்று இருப்பார், நாளை போவார். தணிக்கையில் மாட்டுவது அதிகாரி. பென்ஷன் அவனுடையது. தீர்மானம் பேசியது மகிந்தவிடம் இல்லை, அந்த அதிகாரியின் பேனாவிடம். டிசம்பர் 3ந் தேதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மந்திரிசபையை இயங்கவிடாமல் தடுத்தது. டிசம்பர் 15ல் மகிந்த விலகினார், 16ல் ரணில் திரும்பினார். 21ந் தேதி 2019ன் முதல் நாலு மாதச் செலவுக்கு இடைக்கால அனுமதி நிறைவேறியது. வருஷம் முடியப் பத்து நாள் இருந்தது!

அதே டிசம்பர் 22ந் தேதி அமெரிக்காவில் வேறு கூத்து. மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட ஜனாதிபதி டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார், காங்கிரஸ் தரவில்லை, அரசாங்கத்தில் ஒரு பகுதி 35 நாள் மூடிக் கிடந்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். கஜானா சாவி எப்போதும் ஜனநாயகத்தின் ஆயுதம் என்று யாராவது சொன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டுப் போட்டால் முதலில் பட்டினி கிடப்பது கிளார்க்கும் கேட்மேனும்தான். கொழும்புத் தீர்மானத்தை நாம் மெச்சுவது, அது நர்ஸ் சம்பளத்தில் கை வைக்கவில்லை, முறைகேடாக உட்கார்ந்தவர்களின் செலவில் மட்டும் கை வைத்தது என்பதற்காக.

நம்ம ஹைதராபாத்துக்கும் இந்தக் கதை புதிதில்லை. 1984 ஆகஸ்ட் 16ந் தேதி கவர்னர் ராம்லால், இமாசலத்தில் காங்கிரஸ் முதல்வராக இருந்தவர், என்.டி.ராமராவைப் பதவி நீக்கினார். பெரும்பான்மையோடு ராஜ்பவனுக்கே வந்து நின்ற மனிதரை! இருதய ஆபரேஷன் முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய கையோடு. அடுத்து முதல்வரானவர் யார்? நாதெண்டல பாஸ்கர ராவ். அவருடைய நிதி அமைச்சர். அப்போது எங்களில் பலர் கைக்குழந்தை, சிலர் பிறக்கவேயில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் தெருவில் பார்த்திருப்பார்கள். எம்.எல்.ஏ.க்களைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள், ஊரெல்லாம் கொந்தளித்தது, கவர்னர் போனார், சங்கர் தயாள் சர்மா வந்தார், சரியாக ஒரு மாதத்தில் செப்டம்பர் 16ல் ராமராவ் மறுபடி முதல்வர். இங்கே சாவி தேவைப்படவில்லை, தெரு பார்த்துக்கொண்டது. கொழும்பிலும் தெருவில் கூட்டம் இருந்தது, ஆனால் கணக்கைத் தீர்த்தது கோர்ட்டும் சபையும்.

போகிற நேரத்தில் பேனா எடுக்கிறவர் எல்லாரும் கெட்டவர் என்று எழுதிவிடவும் கூடாது. ஜெயில் சிங் தம் கடைசிக் காலத்தில் ராஜீவ் காந்தி சர்க்காரோடு முரண்பட்டு நின்றார். நம் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கும் 1986ம் ஆண்டு தபால் மசோதாவில் கையெழுத்துப் போடாமலே 1987 ஜூலையில் வீட்டுக்குப் போனார். வாரம் ஒரு இன்லாண்ட் லெட்டர் ஊருக்கு எழுதிக்கொண்டிருந்த ஜனம் நாம். அவர் மனதில் கட்சிக் கோபமும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அந்தப் போடாத கையெழுத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். தமிழ் உறுப்பினர்கள் போட்டது ஒரு வாக்கு அல்ல, இரண்டு வகை வாக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. நவம்பர் 29ந் தேதி வாக்கு கஜானாவுக்கு. அதில் கூட்டமைப்பும் ஜே.வி.பி.யும் ரணில் தரப்போடு நின்றது சரி. நூற்றுக்கு நூறு சரி. 1948ல் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர்களாகி, பிறகு ஓட்டும் பறிபோனது. 1947ல் ஏழு உறுப்பினர்களை அனுப்பிய ஜனம் அடுத்த தேர்தலில் சபையில் ஒரு குரலுமில்லாமல் நின்றது. சபை இல்லாமல் ஒரு மனிதர் இஷ்டத்துக்கு ஆளுவது சிறுபான்மைக்கு என்ன செய்யும் என்று தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 12ந் தேதி வாக்கு வேறு. அது ரணில்மீது நம்பிக்கைத் தீர்மானம். 117 பேர் ஆதரித்தார்கள். கூட்டமைப்பின் வாக்கைக் கழித்தால் 113 வராது. ஜே.வி.பி. இங்கே விலகிக்கொண்டது: முறைகேட்டை எதிர்த்தோம், ரணிலுக்கு ஜாமீன் நிற்க மாட்டோம் என்ற நிலை. (வடக்கையும் கிழக்கையும் பிரிக்க 2006ல் கோர்ட்டுக்குப் போன கட்சி அது, அதைத் தூக்கிப் பிடிக்க நாம் இதைச் சொல்லவில்லை.) கூட்டமைப்பு மந்திரி பதவி எதுவும் வாங்கவில்லை, அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் அந்தப் பத்து நாள் கொழும்பில் தமிழ் வாக்குக்கு இருந்த விலை எந்த நாளும் இருந்ததில்லை. புதிய அரசியலமைப்புக்கு ஒரு தேதி, ராணுவத்திடம் உள்ள காணிக்கு ஒரு தேதி, விசாரணையில்லாமல் கிடக்கும் கைதிகளுக்கு ஒரு தேதி. இவற்றைச் சபையிலேயே சொல்ல வைத்துவிட்டுப் பிறகு கையைத் தூக்கியிருக்கலாம். வந்தது என்ன? 2019 ஜனவரியில் அரசியலமைப்புச் சபையில் நிபுணர் அறிக்கை ஒன்று வைக்கப்பட்டது, அதற்கு மேல் நகரவில்லை. நம்பிக்கை வாக்கு முடிந்து ஆறாவது நாள், டிசம்பர் 18ல், சபாநாயகர் மகிந்தவை எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரித்தார். வழக்குப் போட்ட சம்பந்தன் இருந்த நாற்காலி அது.

அந்தச் சந்து இன்னும் மூடப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2020 மார்ச் 2ந் தேதி, நாலரை ஆண்டு முடிந்த கையோடு, கோத்தபய ராஜபக்ச நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இந்தத் தடவை கலைத்தது சட்டப்படிதான். கொரோனாவால் தேர்தல் ஆகஸ்ட் வரை தள்ளிப்போயிற்று. அந்த மாதங்களில் சபை இல்லை. செலவு நடந்தது 150வது பிரிவின் 3வது உட்பிரிவைக் காட்டி, ஜனாதிபதியின் கையெழுத்தில்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.