ஹலிக்கார்னாசின் மீனவன்



1925ஆம் ஆண்டிலே துருக்கியில் ஓர் எழுத்தாளருக்கு மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. படையை விட்டோடியவர்கள் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதைப் பற்றி அவர் ஒரு கதை எழுதியிருந்தார். அதுவே குற்றம். தென்மேற்குக் கரையோரத்திலே போட்ரம் என்னும் ஒதுக்குப்புறமான ஊருக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். ஒக்ஸ்போட்டிலே படித்த அந்த மனிதரின் பெயர் ஜெவாத் ஷாகிர். தண்டனையின் பிற்பகுதியை இஸ்தான்புல்லிலே கழித்தார். தண்டனை முடிந்ததும் அவர் செய்த காரியம்தான் விசித்திரமானது. எந்த ஊருக்குத் தண்டனையாக அனுப்பினார்களோ, அதே ஊருக்குத் தாமாகத் திரும்பிப் போய்க் குடியேறினார்.

அங்கிருந்து எழுதுவதற்கு அவர் சூடிக்கொண்ட புனைபெயர் 'ஹலிக்கார்னாசின் மீனவன்' என்பது. போட்ரத்தின் பழைய கிரேக்கப் பெயர் ஹலிக்கார்னாசஸ். வழக்கொழிந்துபோன அந்தப் பெயரைத் துருக்கி மொழியில் எழுதும் ஒருவர் ஏன் தேடி எடுத்தார்?

வரலாற்றின் தந்தை என்று நாம் படிப்பிக்கிற ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர் அது. அவருடைய நூலிலே அந்த ஊரின் அரசி ஆட்டெமிசியா வருகிறாள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரிலே பாரசீக மன்னனின் பக்கம் நின்று, ஐந்து கப்பல்களுடன் கிரேக்கருக்கு எதிராகப் போரிட்டவள். கிரேக்க மொழியிலே எழுதிய ஹெரோடோட்டஸ் அவளை வைதிருப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. அவளுடைய துணிவையும் மதிநுட்பத்தையும் வாயாரப் புகழ்கிறார். சொந்த ஊர்ப் பாசமும் இருந்திருக்கும். எதுவானாலும், கிரேக்கர் ஒரு பக்கம், மற்றோர் மறுபக்கம் என்று கோடு கிழிக்கப் புறப்படுகிறவனை இந்த ஊர் ஆரம்பத்திலேயே குழப்பிவிடுகிறது.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின் மௌசோலஸ் அங்கிருந்து ஆண்டான். இனத்தால் காரியன், பதவியால் பாரசீகப் பேரரசின் ஆளுநன். கி.மு. 353இல் அவன் இறந்தபின், தங்கையும் மனைவியுமான இன்னோர் ஆட்டெமிசியாவின் ஆதரவிலே அவனது கல்லறை மாளிகை எழுந்தது. சிற்பங்களைச் செதுக்கியவர்கள் கிரேக்கர். ஏறத்தாழ 45 மீற்றர் உயரம். பண்டை உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. ஆங்கிலத்திலே பெருங் கல்லறைக் கட்டடத்துக்கு வழங்கும் 'மௌசோலியம்' என்ற சொல் இவன் பெயரிலிருந்து பிறந்ததுதான். கி.மு. 334இல் அலெக்சாந்தர் வந்து நகரை முற்றுகையிட்டதும், பின்னர் ரோமரும் பைசாந்தியரும் ஆண்டதும் தனிக்கதை.

இடைக்காலத்திலே நிலநடுக்கத்தால் அந்த மாளிகை விழுந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ரோட்ஸ் தீவிலிருந்து வந்த கிறிஸ்தவ வீரத்துறவிகள் துறைமுகத்திலே புனித பேதுருவின் பெயரால் ஒரு கோட்டை கட்டினார்கள். அதற்கு இந்தக் கல்லறைதான் கற்குழியாயிற்று. சலவைக்கற்களைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாகவும் ஆக்கினார்கள். தப்பிய சில சிற்பங்களைச் சுவரிலே பதித்தார்கள். 1522இல் சுல்தான் சுலைமான் ரோட்சை வென்றதும் கோட்டையும் கைமாறியது. உள்ளிருந்த தேவாலயம் பள்ளிவாசலாயிற்று. 19ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியர் சுல்தானின் அனுமதியோடு சுவரிலிருந்த சிற்பங்களையும், 1856இன் பின் நிலத்தைத் தோண்டிக் கண்டவற்றையும் இலண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

கற்கள் போனது இருக்கட்டும். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்து மக்களையே மாற்றிக்கொண்டன. துருக்கியிலிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அங்கே. கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் இங்கே. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊரிழந்தார்கள். போட்ரத்துக்குக் கிரேத்தாத் தீவு முஸ்லிம்கள் வந்துசேர்ந்தார்கள். அவர்களிற் பலருக்கு வீட்டிலே பேசும் மொழி கிரேக்கம்!

நம் எழுத்தாளர் வந்திறங்கியது இதற்கு இரண்டு ஆண்டுகளின் பின். மீனவரையும் கடற்பஞ்சு எடுக்கச் சுழியோடுபவரையும் கதைகளாக்கினார். ஹோமரும் ஹெரோடோட்டசும் அனத்தோலிய மண்ணின் பிள்ளைகள், ஆகவே எங்களுடையவர்கள் என்று வாதாடினார். அவருடைய நண்பர் வட்டத்தைச் சேர்ந்த அஸ்ரா எர்ஹாத் இலியட்டைத் துருக்கியிலே பெயர்த்தவர்களில் ஒருவர். முன்னோர் கட்டியதைச் சுண்ணாம்பாக்கியவர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மனம்!

ஆயினும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்கனை 'எங்களவன்' என்று தழுவுவது எளிது. அவன் வீட்டுக்கு உரிமை கேட்டு வரமாட்டான். 1923இலே திறப்பை மடியில் முடிந்துகொண்டு கப்பலேறிய கிரேக்கத்தியின் சங்கதி வேறு. அந்தப் பழம்பெயர் அவளையும் சேர்த்துக்கொள்கிறதா?

துருக்கியிலே ஒரு கதை சொல்வார்கள். மௌசோலஸின் சிற்பங்கள் இலண்டனின் மங்கலான வெளிச்சத்துக்கு உரியவையல்ல, போட்ரத்தின் நீல வானத்தின்கீழ் இருக்கவேண்டியவை என்று மீனவர் நூதனசாலைக்குக் கடிதம் எழுதினாராம். 'தங்கள் ஆலோசனைக்கு நன்றி. மண்டபத்துக்கு நீல வர்ணம் பூசிவிட்டோம்' என்று பதில் வந்ததாம்.

1973இலே இஸ்மீர் நகரில் அவர் காலமானார். உடலைப் போட்ரத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மௌசோலஸின் கல்லறை நின்ற இடத்திலே இன்று ஒரு பள்ளமும் சில தூண் துண்டுகளும் கிடக்கின்றன. மிச்சக் கற்களைக் காண விரும்புகிறவர் கடற்கரைக்கு இறங்கிக் கோட்டைச் சுவரைத்தான் பார்க்கவேண்டும்.