பாதிரிக்குடியார் காத்த திருமேனி
(மகாவீரர் திருப்பிறப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் அறக்கட்டளையின் சார்பில் மதுரைக்கு ஒரு பயணம் மேற்கொள்ளவிருக்கிறோம். அதற்கு முன்னுரையாகச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். மதுரைக்குச் சென்று வந்தவர்களிடம் எவற்றைக் கண்டீர்கள் என்று கேட்டால், மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் என்பார்கள். அவை காணத்தக்கவையே. ஆயினும் மதுரை என்னும் தொன்னகரத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் நகரைச் சூழ்ந்துள்ள குன்றுகளில் இருக்கின்றன. எண்பெருங்குன்றம் என்று நம் முன்னோர் போற்றிய மரபு இக்குன்றுகளைச் சார்ந்தது.

முதலில் மாங்குளத்திற்குச் செல்வோம். மதுரைக்கு வடகிழக்கே, மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரை ஒட்டிய குன்றின் குகைத்தளங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. 1882ஆம் ஆண்டில் ராபர்ட் சீவல் இவற்றைக் கண்டறிந்தார். எனினும் இவற்றின் மொழி தமிழே என்பதை நிலைநாட்டக் கே. வி. சுப்பிரமணிய ஐயரின் 1924ஆம் ஆண்டு ஆய்வு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் ஐராவதம் மகாதேவன் இவற்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரைப் படித்தறிந்து, காலத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு எனக் கணித்தார். கணிநந்தன் என்னும் துறவிக்கு, அம்மன்னனின் பணியாளன் கடலன் வழுதி செய்வித்த அறம் அங்கே பதிவாகியுள்ளது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் கொடையாளராகக் குறிக்கப்பெறுகின்றனர்.

அடுத்து அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டிக்கு அருகேயுள்ள குகைத்தளம். இங்கே கொடையளித்தவர்களின் பட்டியலைப் படிக்கும்போது பழைய மதுரைக் கடைத்தெருவில் நடப்பது போன்ற உணர்வு தோன்றும். உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்கும் பணித வணிகன், ஏர்க்கொழு விற்கும் கொழு வணிகன், அறுவை எனப்படும் துணி விற்பவன், மதுரைப் பொற்கொல்லன் ஆகியோர் அங்கே வரிசையாக இடம்பெறுகின்றனர். மதுரைப் பொற்கொல்லன் என்றதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் சிலப்பதிகாரத்தின் வஞ்சகன்தான் வந்து நிற்பான். இந்தக் கல்லிலோ துறவியர்க்கு அறம் செய்த பொற்கொல்லன் ஒருவன் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறான். பமித்தி என்னும் சொல்லால் குறிக்கப்பெறும் பெண்துறவி ஒருவரும் இங்கே இருக்கிறார். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்திய கவுந்தியடிகள் இளங்கோவடிகளின் காப்பியத்தில் வருபவர். அவரைப் போன்ற பெண்துறவியர் இம்மண்ணில் வாழ்ந்தமைக்கு இக்கல் சான்று.

ஒத்தக்கடையை அடைந்தால், யானை படுத்திருப்பது போன்ற ஆனைமலை கண்ணெதிரே தோன்றும். அதன் உச்சிப் பகுதியில் துறவியர்க்கான கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. சற்றுக் கீழே, பாறை முகப்பில் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களும் அம்பிகா இயக்கியின் உருவமும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அதே மலையின் அடிவாரத்தில், 770ஆம் ஆண்டில் பாண்டிய அமைச்சன் மாறங்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. சமயங்களுக்கிடையே பூசல் நிகழ்ந்த காலம் ஒன்று உண்டு. ஆயினும் ஒரே மலை இரு சமயத்தார்க்கும் இடங்கொடுத்ததை இன்றும் அங்கே நேரில் காணலாம்.

நகருக்கு மேற்கே கீழக்குயில்குடி. தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் அமைந்த அடிவாரத்திலிருந்து படியேறினால் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தை அடையலாம். பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் உள்ளிட்ட எட்டுத் திருவுருவங்கள் அங்கே ஒரே வரிசையில் உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறிப்புகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியைக் குறிக்கிறது. வீட்டைத் துறந்து சென்ற மகனின் பெயரால் அறியப்பட்ட ஒரு தாய், அம்மகன் நடந்த அறவழியில் தாமும் ஒரு திருமேனியை நிறுவியிருக்கிறார். அந்த வரியின் முன்னால் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் பேச்சு எழுவதில்லை. மலையின் மற்றொரு பக்கத்தில் உள்ள செட்டிப்புடவில், அமர்ந்த நிலையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் உள்ளது. குகையின் உட்புறத்தில், சிங்கத்தின்மீது அமர்ந்து யானை வீரனோடு பொரும் இயக்கியையும் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் மூவரையும் காணலாம்.

இந்தப் பேச்சிப்பள்ளத்தில்தான் நான் ஒரு பிழை செய்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். வட்டெழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்ற ஆர்வத்தால், பையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து எழுத்துகளின் பள்ளங்களில் தடவத் தொடங்கினேன். அப்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து, “சார், அதுல எதையும் தடவாதீங்க. வர்றவங்க ஆளுக்கொண்ணு தடவிட்டுப் போயிட்டா இது எத்தன நாளைக்கு நிக்கும்?” என்றார். மாணவர்கள் முன்னிலையில் எனக்கு நாணமாக இருந்தது. அந்த எழுத்தை அவரால் படிக்க இயலாது. படிக்கத் தெரிந்த நான் அதற்கு ஊறு செய்துகொண்டிருந்தேன்; படிக்கத் தெரியாத அவர் அதைக் காத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு வீடு திரும்பியபின் அச்சணந்தியின் கல்வெட்டுகளை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவற்றில் முன்பு நான் கருத்தூன்றாத ஒரு சொல் கண்ணில் பட்டது. அது ‘இரட்சை’ என்னும் சொல். காவல் என்பது அதன் பொருள். மேலூருக்கு அருகேயுள்ள அரிட்டாபட்டி மலைக்குத் திருப்பிணையன் மலை என்பது பழம்பெயர். அங்கே பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் அச்சணந்தி ஒரு திருமேனியைச் செய்வித்தார். அது பாதிரிக்குடியாரின் இரட்சையில் விடப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. ஆனைமலையிலும் நரசிங்கமங்கலத்துச் சபையார்க்கு இத்தகைய காவற்பொறுப்பு அளிக்கப்பட்டிருந்தது.

இதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். முனிவர்கள் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காதவர்கள். உடைமை கொள்ளாமையை நோன்பாக ஏற்றவர்கள். தாம் செய்வித்த திருமேனியைக்கூடத் தம்முடையது என்று அவர்கள் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே அம்மலையடியில் உழுது வாழ்ந்த ஊராரிடம் அதை ஒப்படைத்துச் சென்றார்கள். அவ்வூரார் அனைவரும் நம் சமயத்தவராய் இருந்தனர் என்று கொள்ள இடமில்லை.

அரசுகள் மாறின; பள்ளிகள் மறைந்தன; வட்டெழுத்தைப் படிப்பாரும் அருகினர். ஊர் மக்கள் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றனர். தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றனர். பெயர் மாறினாலும் உருவத்தை அவர்கள் சிதைக்கவில்லை. நம்மில் சிலர் இப்பெயர்களைக் கேட்டு வருந்துவதுண்டு. அந்தப் பெயர்களும் அவற்றோடு வந்த அச்சமும் அன்புமே பல நூற்றாண்டுகளாக நம் திருமேனிகளுக்கு வேலியாய் நின்றன என்பது என் கருத்து.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று கிடைத்தது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அடங்கிய பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் 2024 நவம்பரில், இப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. சிற்றூர்கள் கூடி எதிர்த்தன. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் மக்கள் திரளாக மதுரை நகருக்கு நடந்தே சென்றனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. பாதிரிக்குடியார் ஏற்ற காவலை, அவர்கள் பெயரைக்கூட அறியாத இன்றைய உழவர்கள் நிறைவேற்றினார்கள். அந்த நாள்களில் நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வியை நான் பிறரிடம் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

எனவே பயணம் புறப்படும் அன்பர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். திருமேனிகளின்மீது பாலோ எண்ணெயோ சந்தனமோ சொரியவேண்டாம். பாறையில் ஊறும் நெய்ப்பசை நாளடைவில் செதுக்கத்தின் நுண்மையை மறைத்துவிடும். வண்ணம் பூசுவதும் ஓடு பதிப்பதும் திருப்பணி ஆகா. கற்படுக்கைகளில் காலணியுடன் ஏறவேண்டாம். சுண்ணாம்புக் கட்டியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலைக் கடக்கும்போது சற்று நின்று வணக்கம் செலுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பயணத்திற்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை அம்மலையடி ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிப்போம் என்ற முன்மொழிவைப் பொறுப்பாளர்களிடம் தந்திருக்கிறேன். அப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பிராமியும் வட்டெழுத்தும் கற்பிக்க, ஆண்டுக்குச் சில நாள்கள் என் செலவிலேயே சென்று வர அணியமாக இருக்கிறேன். என்னைத் தடுத்த அந்த முதியவர் இன்று இருக்கிறாரோ இல்லையோ அறியேன். அவர் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டன் காத்த எழுத்தைத் தாங்களே படிக்கவேண்டும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க அருகன் அருள்க.