கையெழுத்துப் போடும் முன்னால்



கார் மோதிக் கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருப்பவரிடம், "பத்தாயிரம் வாங்கிக்குங்க, கேஸெல்லாம் எதுக்கு?" என்று சமாதானம் பேச யாராவது வந்துவிடுவார்கள். வலியிலும் பணமுடையிலும் அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உரிய இழப்பீட்டைக் கேட்பதற்கென்றே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கேட்டால் போதாது. வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், கூடவே இருந்து கவனித்தவருக்கான செலவு, வண்டி வாடகை, பட்ட வேதனை, இனிமேல் செய்ய வேண்டிய சிகிச்சை எல்லாம் கணக்கில் சேரும். உங்கள் தொழிலையும் மறக்காமல் சொல்லுங்கள். இடது கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் தொடரலாம். அதே கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அதற்கும் அரசுத் திட்டம் உண்டு. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய்.

முதல் தகவல் அறிக்கையின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீது அத்தனையையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். சட்டப்படி சேர வேண்டியதைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.