துடைப்பமும் யந்திரமும்
(தஞ்சைப் பகுதி துப்புரவுத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று நம்மைக் கேட்கிறார்கள். எந்த யந்திரம், எந்த வேலைக்கு, யார் கையில் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

சாக்கடைக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தேங்கும் விஷவாயு ஆளைக் கொல்கிறது. அவனைத் தூக்க இறங்கினவனையும் கொல்கிறது. கும்பகோணத்துக்கு 2018-ல் ஒரு யந்திரம் வந்தது. கேரளத்து இளைஞர்கள் செய்தது. 'பேண்டிகூட்', அதாவது பெருச்சாளி என்று பெயர். பொருத்தமான பெயர்தான்! யந்திரக் கையைக் குழிக்குள் இறக்கிவிட்டு, தொழிலாளி தெருவில் நின்று திரையைப் பார்த்து இயக்குகிறான். சேற்றையும் அடைப்பையும் அது வாரிக்கொண்டு மேலே வருகிறது. இந்த யந்திரத்தை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். பாதுகாப்பின்றி ஆளை இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் தீர்ப்பளித்தது. அப்படியும் நாட்டில் சாவு நிற்கவில்லை. யந்திர வாடகையைவிட ஏழையின் உயிர் மலிவு என்று காண்டிராக்டர் கணக்குப் போடுகிறான்.

தெருக் கூட்டும் யந்திரத்தின் கதை வேறு. சுழலும் பிரஷ் குப்பையைத் தள்ள, குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. தூசி கிளம்பாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறது. லாரிகள் பறக்கும் பெரிய ரோட்டில், விடியற்காலை இருட்டில் நம் சகோதரிகள் குனிந்து கூட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நெஞ்சில் தூசி ஏறாது, இடுப்பும் ஒடியாது. ஆனால் தஞ்சை நகரத்துச் சந்துகளில் இது நுழையுமா? ரோடு மட்டமாக இருக்கவேண்டும், ஓரத்தில் வண்டி நிற்கக்கூடாது. ஐப்பசி மழைச் சேற்றில் என்ன செய்யும்? அங்கே மறுபடியும் துடைப்பம்தான். பத்துப் பேர் கூட்டிய சந்தை நாலு பேர் கூட்டவேண்டும் என்பார்கள். ஆலைத் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல; மிஷினைக் காட்டி வேலைப் பளுவை ஏற்றுவது அங்கே பழைய கதை.

வயல் தோழர்களும் கண்டதுதான். அறுப்பு மிஷின் இறங்கியது. பெண்கள் கூட்டமாய் அரிவாளோடு இறங்கிய வயல் சில மணி நேரத்தில் மொட்டையாயிற்று. களத்தில் அளந்து வாங்கிய கூலி நெல்லும் போயிற்று. மிச்சமான கூலி யார் வீட்டுக்குப் போயிற்று? அறுப்பை இழந்தவர்களில் பலர் நகரத்துக்கு வந்து துடைப்பம் பிடித்தார்கள். இங்கேயும் மிஷின் துரத்தினால் அடுத்து எங்கே போவது?

சென்னையில் 2000-லிருந்தே குப்பை வேலை கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்தது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் யந்திரத்தை எதிர்த்தார்களா? இல்லை. வேலை காண்டிராக்டுக்குப் போனால் சம்பளம் குறையும், நிரந்தரம் என்ற பேச்சே போய்விடும் என்றுதான் எதிர்த்தார்கள். தள்ளுவண்டிக்குப் பதில் பாட்டரி வண்டி கொடுத்தால் யார் வேண்டாமென்பார்கள்? அதை ஓட்டவும் நம் பெண்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. யந்திரம் எவ்வளவு வேகமாக வாரினாலும், மக்குவதையும் மக்காததையும் பிரிக்காவிட்டால் தெருக் குப்பை ஜெபமாலைபுரத்துக் குப்பை மலையாகத்தான் மாறும். பிரிப்பது கை வேலை. அதற்கு ஆள் வேண்டும். தெருவில் மிச்சப்படும் ஆட்களை, கையுறையும் நியாயமான சம்பளமும் கொடுத்து, அங்கே வையுங்கள் என்கிறோம்.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள், குப்பையும் வரும், யந்திரம் வாங்கும் பேச்சும் வரும். மாநகராட்சி டெண்டர் விடுமுன்பே நமது மனு மேஜைமேல் இருக்கவேண்டும்: இப்போது வேலையில் இருப்பவரில் ஒருவரையும் நீக்கக்கூடாது, யந்திரம் ஓட்டும் பயிற்சி முதலில் அவர்களுக்கே. வார்டு வாரியாகக் கையெழுத்து வாங்கும் காகிதம் மேடையோரத்தில் இருக்கிறது, தோழர்களே.