செதிலின் அடியில்

தருமபுரி மாவட்டத்தில் காவிரி பாறைகளினின்றும் பாய்ந்து விழுமிடம் ஒகேனக்கல். கன்னடத்தில் 'புகையும் பாறை' எனப் பொருள்படும் அப்பெயரை, அங்கெழும் நீர்த்திவலை மெய்ப்பிக்கின்றது. உடலெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது அங்கே வழக்கம். முழங்கையிலும் முழங்காலிலும் வெண்செதில் படிந்த ஒருவர் நீராட வந்தால், அருகிலிருப்போர் விலகி நிற்பதுண்டு. தொழுநோயோ, ஒட்டிக்கொள்ளுமோ என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் சரிதானா?

அந்நோயின் பெயர் சொரியாசிஸ். சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்பர். நம் மேல்தோலின் அடியடுக்கில் தோன்றும் புதிய உயிரணுக்கள் மெல்ல மேலேறி, உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. இதற்கு ஏறத்தாழ 4 வாரம் ஆகும். சொரியாசிஸில் அப்பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகின்றது. முதிராத அணுக்கள் உட்கருவோடே மேற்பரப்பை அடைந்து, ஒன்றன்மேலொன்றாகப் படிகின்றன. அப்படிவே செதில்.

செதிலின் அடியில் காணும் சிவப்பு எவ்வாறு வந்தது? உள்தோல், விரல்போன்ற நுண்ணிய முகடுகளாக மேல்தோலுக்குள் நீண்டிருக்கின்றது. ஒவ்வொரு முகட்டினுள்ளும் மயிரினும் மெல்லிய இரத்தக்குழாயாகிய தந்துகி ஏறி, வளைந்து, இறங்குகின்றது. இந்நோயில் முகடுகள் நீள்கின்றன. தந்துகிகளும் நீண்டு, விரிந்து, முறுக்கிக்கொள்கின்றன. முகட்டின் உச்சியை மூடும் தோலோ மெலிந்துவிடுகின்றது. அதனாற்றான் செதிலைப் பெயர்த்தால் ஊசிமுனையளவில் இரத்தப் புள்ளிகள் அரும்புகின்றன. நம்மவரின் கருநிறத் தோலில் இச்சிவப்பு கருஞ்சிவப்பாகவோ கருமையாகவோ தோன்றலாம்.

இத்தனை மாற்றத்தையும் விளைப்பது பிறரிடமிருந்து ஒட்டிய கிருமியன்று. உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே தோலில் திரண்டு அழற்சியை மூட்டுகின்றன. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆகவே தொட்டாலும் உடன் நீராடினாலும் இந்நோய் பரவாது. தொழுநோயினின்றும் இது வேறானது என்பதை வியன்னா மருத்துவர் ஹெப்ரா 1841-ஆம் ஆண்டிலேயே பிரித்துக் காட்டினார்.

நோயுற்றோர் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. கீறலோ சிராய்ப்போ பட்ட இடத்தில் புதிய படை எழக்கூடும். இதனை 19-ஆம் நூற்றாண்டில் எடுத்துரைத்தவர் கோப்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். எண்ணெய் செதிலை மென்மையாக்கும். ஆயின் அழுத்தித் தேய்ப்பதும் செதிலைப் பிய்ப்பதும் தீங்கே. நோயை அடியோடு களையும் மருந்து இன்றளவும் இல்லையெனினும், அடக்கிவைக்கும் மருந்துகள் பல உள்ளன. தோல் மருத்துவரை நாடுவதே தக்கது.

உங்கள் வகுப்பில் இந்நோயுற்ற தோழன் ஒருவன் தனித்து அமர்ந்திருப்பின், அவனருகே சென்று அமருங்கள். கற்ற அறிவியலுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.