தாமே விரும்பிப் போயிருந்தால்



சரித்திர பாட வேளையொன்றில் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அமெரிக்காவின் செரோக்கி மக்கள் துரத்தப்படாமல், தாமே விரும்பி மேற்கே சென்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது அக்கேள்வி. 1835ஆம் ஆண்டில் அம்மக்களுள் மிகச் சிலரே கையொப்பமிட்ட உடன்படிக்கை ஒன்றைக் காட்டி, 1838இல் ஏறத்தாழ 16,000 பேரை அவர்தம் மண்ணிலிருந்து அரசாங்கம் பெயர்த்தது. முகாம்களிலும் வழியிலுமாகச் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பர். மாணவன் அறியாத செய்தியொன்றும் உண்டு. அதற்கு முன்னரே அவர்களுள் ஒரு பகுதியார் தாமாகவே ஆர்க்கன்சாப் பக்கம் சென்று குடியேறியிருந்தனர். தம் மொழிக்கு எழுத்து வகுத்த செக்கோயாவும் அவ்வாறு சென்றவரே. ஆயினும், வெள்ளையர் நெருக்கிக்கொண்டு வந்த காலத்தில் புறப்பட்டவர்களை விரும்பிச் சென்றவர்கள் என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்?

விடை தேட நான் நெடுந்தூரம் போகவில்லை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தில், நான் பிறந்த லயத்துக்கே என் நினைவு சென்றது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிவிட்ட நம்மவர் 9,75,000 பேரை, 1964இல் செய்யப்பட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கூறு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். எண்ணிக்கையைப் பேசி முடித்த பின்னரே ஆட்களிடம் விண்ணப்பம் கேட்டனர். இந்தியாவுக்கென வந்த விண்ணப்பங்கள் குறித்த தொகையை எட்டவில்லை. இலங்கைக்கென வந்தவையோ தொகையை மிஞ்சின. மாணவனின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

எங்கள் வீட்டில் தந்தையார் இலங்கைக்கு எழுதினார். அத்தையின் கணவர் இந்தியாவுக்கு எழுதினார். அத்தையை ஒருவரும் கேட்கவில்லை. 1979இல் அவர் லயம் லயமாய்ச் சென்று பயணம் சொன்னார். தாம் பால் வெட்டிய மலைக்கும் ஒருமுறை போய் வந்தார். தலைமன்னாரில் கப்பலேறிய அக்குடும்பம், தாயகம் திரும்பியோருக்காக 1976இல் புனலூரில் நிறுவப்பட்ட றப்பர்த் தோட்டத்தைச் சென்றடைந்தது. மரம் அதே மரந்தான், கங்காணி பேசும் மொழிதான் வேறு என்று அத்தை எழுதுவித்தார்.

ஒவ்வொருவரையும் கேட்டு, அவகாசமும் அளித்திருந்தால், சிலர் அப்போதும் போயிருப்பர். ஊரில் நிலபுலன் உள்ளவர், அங்கே பெண் கொடுத்தவர் இங்கு இருந்தனர். பெரும்பாலோர் தங்கியிருப்பர் என்பதே என் துணிபு. ஆனால் தங்கியவர்க்கும் நிம்மதி வாய்த்திருக்குமென்று என்னால் சொல்ல முடியவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை எங்கள் சப்பிரகமுவத் தோட்டங்கள். 1977இலும் 1981இலும் வன்செயல் மூண்டபோது, இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பலர் ஓடினர். அவர்களைப் போவென்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. அதை விருப்பம் என்போமா? எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சென்ற ஆண்டு அத்தையின் மகளிடம் தொலைபேசியில் இதையே கேட்டேன். அவள் சிரித்தாள். "அம்மாவைக் கேட்டிருந்தால், இந்த மழை விடட்டும், பிறகு பார்ப்போம் என்றிருப்பார், மச்சான். ஒவ்வொரு வருஷமும் அப்படியேதான் சொல்லியிருப்பார்" என்றாள்.